சந்தனம் வைத்த ஜாக்கி

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் ஐந்து. ஐந்தும் காலாகாலத்தில் தாமாகவே மாடி ஏறப் பழகிக்கொண்டன. அதற்கப்புறம் இந்த வீட்டில் தோளில் தூக்கி மாடி ஏற்ற வேண்டியதாக வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. அது ஒரு ஜாக்கி.

போன வாரம் இதே பக்கத்தில் வந்த, தார்ப்பாய்க் கடையில் நான் வேலை செய்த கதையைப் படித்துவிட்டு, எங்கள் பிளாக்கில் ஒருத்தி கேட்டாள், இன்னும் ஊசி பிடிக்கிறாயா என்று. பிடிக்கிறேன். ஆனால் கடைசியாக நான் பெரிதாகத் தைத்தது லாரிக்கு இல்லை. இந்த ஜாக்கிக்குத்தான்.

மூன்றாவது மாடி

கண்ணை மூடினால் முதலில் படிக்கட்டுதான் வருகிறது. சாயங்கால வேளை. திருவொற்றியூரில் எங்கள் ஹவுசிங் போர்டு வீடு மூன்றாவது மாடியில். என் கடைசி மகள் ரேவதி கீழேயிருந்து ஏறி வருகிறாள். தோளில் சுருட்டி வைத்த துண்டு, துண்டின் மேல் ஜாக்கி. முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் திரும்ப அவளிடம் ஒரு வழி உண்டு. பின்பக்கத்தை முதலில் கைப்பிடிச் சுவருக்கு வெளியே விட்டுவிட்டு, அப்புறம்தான் உடம்பைத் திருப்புவாள். அந்த வழி பிடிபடும் முன்பு இரண்டாவது மாடிச் சுவரில் அவள் போட்ட குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

முதல் மாடி ஜைனபு அந்த நேரத்துக்கு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். காலை மடக்கி வழி விடுவாள். சும்மா விடமாட்டாள்.

"இன்னாடி ரேவதி, இன்னிக்கும் மாப்பிள்ளைய தோள்ல தூக்கினு வர்ற. அதுக்கு நடக்க வராதா?"

"நீ வேணா கொஞ்ச நேரம் இடுப்புல வச்சுக்கோக்கா," என்பாள் இவள், மூச்சு வாங்காமல்.

அப்புறம் அது என் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் என் குதிகாலில் சில்லென்று படும். முதலில் திடுக்கிட்டேன். பழகப் பழக, அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் தூக்கம் வந்தது.

நெட்டையன்

சாதாரண ஜாக்கியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பஞ்சர் ஆன காருக்கு அடியில் வைத்து முறுக்குவார்கள். தார் ரோட்டில் அது போதும். மணலிலும் சேற்றிலும் அதை வைத்தால் வண்டி மேலே வராது, ஜாக்கி கீழே போய்விடும்.

ரேவதி வைத்திருப்பது வேறு ஜாதி. என் தோள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அடியிலிருந்து நுனி வரை வரிசையாக ஓட்டைகள். அந்தச் சட்டத்தைக் கட்டிப் பிடித்தபடி சிவப்பாக ஒரு தலை. அதிலிருந்து நீளமாக ஒரு பிடி. பிடியை அழுத்தினால் தலைக்குள் இருக்கும் ஆணி ஓர் ஓட்டையிலிருந்து கழன்று மேல் ஓட்டைக்குள் போய் உட்காரும். மறுபடி அழுத்தினால் அதற்கும் மேல் ஓட்டை. மரம் ஏறுகிறவர் கையையும் காலையும் மாற்றி மாற்றி வைத்து ஏறுவது போல, அது வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும். டக், டக் என்று சத்தம் வரும்.

அந்த ஆணி ஓட்டைக்குள் முழுசாக உட்கார வேண்டும். பாதி உட்கார்ந்தால் மொத்த பாரமும் சறுக்கிக் கீழே வரும். அப்போது பிடி எகிறி அடிக்கும். தாடையில் பட்டால் தாடை இருக்காது.

நெட்டையன் என்று பேர் வைத்தது என் மருமகன் குமார். இந்தக் கதையில் குமார் முக்கியம். அவரைச் சொல்லாமல் வண்டியைச் சொல்ல முடியாது.

குமார் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் டிரைலர் ஓட்டினவர். நல்ல ஓட்டுநர். இந்த எண்ணூர் ரோட்டில் டிரைலரைப் பின்னால் எடுக்கத் தெரிந்தவர் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். நின்றிருந்த வண்டியை இன்னொரு வண்டி பின்னாலிருந்து மோதியதில் அவர் இடுப்பு எலும்பு விலகிவிட்டது. இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது மணலியில் ஒரு குடோன் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

அவருக்கு வந்த நஷ்டஈட்டில் ஒரு பழைய ஜீப் வாங்கினார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். காலி மைதானத்தில் ரேவதியை உட்காரவைத்து, பக்கத்துச் சீட்டில் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்று ரேவதி இப்போதும் சொல்வாள். நான் அவள் அப்பாவிடம் சைக்கிள் கற்றுக்கொண்டபோது வாங்கின வசவை நினைத்துக்கொள்வேன்.

ஐஸ் போகிற வழி

எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் புகைபோக்கிகளுக்கு அப்புறம் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து மணல் பாதை. கருவேலம் புதர், உப்பங்கழி ஓரம், மறுபடி மணல். அதன் கடைசியில் ஒரு மீனவர் குப்பம். அங்கே கரை ஏறுகிற படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோக வேண்டும். மீனை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் நிற்கும் லாரிக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த வேலையை மீஞ்சூர் பக்கத்து டிராக்டர்காரர் ஒருவர் செய்துகொண்டிருந்தார். டிராக்டர் எங்கேயும் புதையாது. ஆனால் ஆடி அசைந்து வருவதற்குள் ஐஸ் பாதியாகிவிடும். ரேவதி போய்க் கேட்டாள். படகுக்காரர்களுக்குப் பெரியவர் தனபால், வெற்றிலை போட்ட வாய், அவளையும் ஜீப்பையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"ஒரு மாசம் ஓட்டிக் காட்டு தங்கச்சி. ஒரு நாளு ஐஸ் தண்ணியா வந்து சேந்தாலும், நான் டிராக்டர்காரனையே கூப்ட்டுக்குவேன். அப்பால வந்து மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

வீட்டுக்கு அந்த வேலை வேண்டும். குமாருக்கு அதைவிட வேண்டும். தான் ஓட்ட முடியாத வண்டி சும்மா நிற்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

முதல் வாரமே ஜீப் இரண்டு தடவை புதைந்தது. அப்போதுதான் நெட்டையன் வந்தான்.

திருட்டும் கிரீசும்

இப்போது இருப்பது இரண்டாவது நெட்டையன். முதலாவதை ஜீப்பின் பின்னால் வெளிப்பக்கமாகப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். பார்க்க கம்பீரமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பட்டை இருந்தது, போல்ட்டும் இருந்தது, ஜாக்கி இல்லை. நல்ல இரும்பு. காயலான் கடையில் போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ரேவதி அன்று சாப்பிடவில்லை. இரண்டாவதை வாங்கி வந்த அன்றே, இது ராத்திரி வண்டியில் தங்காது, வீட்டில்தான் தங்கும் என்று முடிவாகிவிட்டது.

திருடன் ஒருவன் என்றால் உப்புக் காற்று இன்னொருவன். எங்கள் பக்கத்தில் புதுப் பூட்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. ஜன்னல் கம்பி உரிந்து உரிந்து வெங்காயம் மாதிரி ஆகிவிடும். அதனால் துறைமுகத்துக்காரர்கள் எதற்கும் கிரீஸ் பூசுவார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சில் வேலை செய்தவர். சங்கிலிக்கு, கொக்கிக்கு, கம்பிக் கயிற்றுக்கு எல்லாம் அப்பி அப்பி வைப்பார். அவர் சட்டையில் ஒட்டிய கிரீசை நான் மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, கல்லில் அடித்தும், கடைசிவரை ஒரு சட்டையும் வெள்ளையாகவில்லை. அவர் போன பிறகு அந்தச் சட்டைகளில் ஒன்றைக் கிழித்து வைத்திருந்தேன். அது பிறகு ஜாக்கி துடைக்கப் பயன்பட்டது. துணி வீணாகவில்லை.

ஜாக்கிக்கும் கிரீஸ் பூசச் சொல்லிப் பலபேர் புத்தி சொன்னார்கள். ரேவதி கேட்கவில்லை. கடற்கரையில் ஓட்டுகிறவளுக்கு அது தெரியும். கிரீசில் மணல் ஒட்டும். ஒட்டிய மணல் அந்த ஆணிக்குள் போனால் கதை முடிந்தது. டீசல் தொட்டுத் துடைப்பாள், உலர்ந்த துணியால் மறுபடி துடைப்பாள், அவ்வளவுதான். தினமும் துடைப்பாள்.

உறை

பகலில் வண்டியில் போகும்போது தூசி, ஈரம், மீன் தண்ணீர். அதற்கு ஓர் உறை வேண்டும் என்றாள். அது என் வேலை.

பழைய லாரித் தார்ப்பாய் ஒரு துண்டு வைத்திருந்தேன். அளவு எடுக்க நெட்டையனை நடு வீட்டில் படுக்கவைத்து சாண் போட்டேன். மெழுகு பூசிய நூல், கோணி ஊசி, உள்ளங்கைக்குத் தோல் பட்டை. இரட்டைத் தையல். தலைப் பக்கம் அகலமாக, கால் பக்கம் குறுகலாக. அடியை மூடவில்லை. மூடாமல் விட்டு, பக்கத்தில் பித்தளை வளையம் வைத்த ஓட்டைகளும் போட்டேன். தார்ப்பாய்க் கடையில் பதினாறு வயதில் கற்றுக்கொண்டது அது. உப்பு மூட்டை லாரியை இறுக்கமாக மூடினால் உள்ளே வேர்க்கும். வேர்த்தால் சரக்கும் போச்சு, தார்ப்பாயும் போச்சு. எதை மூடினாலும் மூச்சு விட வழி வைக்க வேண்டும்.

உறைக்கு வெளியே ஒரு நீளப் பை தைத்தேன். அது மணைக்கு. மணலில் ஜாக்கியின் கால் இறங்காமல் இருக்க அடியில் பலகை வேண்டும். ரேவதி எங்கள் வீட்டு மணையைத்தான் எடுத்துக்கொண்டாள். அவளும் குமாரும் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்ட மணை. நான் முதலில் முகம் சுளித்தேன். அவள், "நல்ல பலா மரம்மா, பாரம் தாங்கும்," என்றாள். மணைக்கும் சாண் போட்டேன்.

ஜீப்பில் பின்பக்க இருக்கைக்கு அடியில் அதைப் படுக்கவைத்தார்கள். கடகட என்று ஆடாமல் இருக்க சைக்கிள் ட்யூபை வெட்டி மூன்று இடத்தில் கட்டு. கயிறு போட்டால் மீன் தண்ணீர் பட்டு இறுகிவிடும், அவசரத்துக்கு அவிழ்க்க முடியாது. ட்யூப் என்றால் ஒரு இழுப்பில் வந்துவிடும்.

ஆயுத பூஜை

மாதம் முடிய சில நாட்கள்தான் இருந்தன. ஐஸ் ஒரு நாளும் தண்ணீராகப் போகவில்லை. ஆயுத பூஜை வந்தது.

குமார் பக்திமான். அதிலும் வண்டிக்குப் பூஜை என்றால் விடியற்காலையிலேயே குளித்துவிடுவார். டிரைலர் ஓட்டிய காலத்தில் அதற்கு வாழைக்கன்று கட்டி அவர் செய்கிற அலங்காரத்தைப் பார்க்க ராயபுரத்திலிருந்து ஆள் வரும். இந்த வருடம் ஜீப்பை முடித்துவிட்டு, மாடிக்கு வந்து, நெட்டையனை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிண்ணத்தில் சந்தனம் குழைத்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்தார். அதன் மேல் மோதிர விரலால் குங்குமம். கீழேயிருந்து நுனி வரை ஒன்றுகூட விடவில்லை. தலைக்கும் பூசினார், ஆணி வந்து போகிற இடத்துக்கும் தாராளமாகப் பூசினார். இடுப்பு வலிக்க வலிக்க உட்கார்ந்திருந்தார்.

பார்க்க அவ்வளவு அழகு. இரும்புச் சட்டத்தில் மஞ்சள் பொட்டு வரிசையாக, நெற்றிச்சுட்டி போட்ட மாதிரி. ஜைனபு மேலே வந்து பார்த்து, நிச்சயதார்த்தப் பெண் தோற்றாள் என்றாள். ரேவதி அப்போது கீழே ஜீப்பின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் மேலே வருவதற்குள் குமார் உறையைப் போட்டு மூடிவிட்டார். அன்று ராத்திரி என் கட்டிலுக்கு அடியிலிருந்து டீசல் வாசனையோடு சந்தன வாசனையும் வந்தது.

கடையில் விற்கிற சந்தனப் பொடி. அதில் என்ன கலக்கிறார்களோ தெரியாது. காய்ந்தால் சிமென்ட்.

அப்பளம்

பண்டிகை முடிந்து முதல் ஓட்டம். ஐஸ் ஏற்றி இறக்கும் ஆள் ஊருக்குப் போய்விட்டார். பெட்டிகளின் மேல் போட்ட தார்ப்பாய் பறக்காமல் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றாள் ரேவதி. நான் போனேன். எனக்குக் கடற்கரையில் நண்டு வாங்கும் ஆசையும் இருந்தது.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. உப்பங்கழி ஓரத்தில் தண்ணீர் தேங்கிக் காய்ந்திருந்த இடம், மேலே அப்பளம் மாதிரி, கீழே களி. முன்சக்கரம் தாண்டிவிட்டது. பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன. ரேவதி என்ஜினை நிறுத்தினாள். மறுபடி மறுபடி முறுக்கினால் இன்னும் தோண்டும் என்பது குமார் கற்றுக்கொடுத்த பாடம். தூரத்தில் குப்பம் தெரிந்தது. படகுகள் கரையில் நின்றன. ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது.

நெட்டையனை வெளியே எடுத்து உறையை உருவினாள். சந்தனம் கமகமத்தது. அவள் சொட்டுகிற ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், துடைக்க நேரமில்லை. பிறகு மணையைப் போட்டு, ஜாக்கியை நிறுத்தி, பின் பம்பருக்கு முட்டுக் கொடுத்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

டக். டக். மூன்றாவது டக் வரவில்லை. சர்ரென்று ஒரு சத்தம். வண்டி கீழே உட்கார்ந்தது. பிடி எகிறி அவள் காது ஓரமாகப் போயிற்று. அவள் ஒரு விரற்கடை தள்ளி நின்றிருந்தால் நான் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆணியை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டாள். கல்லாகியிருந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவரு கைய ஒடைக்கணும்மா."

"ஒடைக்கலாம். மொதல்ல வண்டிய எடு," என்றேன்.

பக்கத்தில் உப்பங்கழித் தண்ணீர் இருந்தது. அதை மொள்ளப் போனாள். நான் வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணீர் இன்றைக்குக் கழுவும், நாளைக்கு இரும்பைத் தின்றுவிடும். ஐஸ் பெட்டியின் அடியில் சொட்டுகிற தண்ணீருக்குச் சொம்பை வைத்தோம். அந்தத் தண்ணீரைத்தான் ஓட்டையில் ஊற்றி ஊறவைத்தோம். என் சுருக்குப் பையில் கோணி ஊசி இருந்தது. அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து குத்திக் குத்தி எடுத்தோம். மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் வழிந்து மணலில் ஓடியது.

அப்போதுதான் தனபால் வந்தார். வண்டி நிற்பதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு, இரண்டு ஆட்களோடு நடந்தே வந்திருந்தார். எங்களைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். வெற்றிலையை ஓரமாகத் துப்பினார்.

"இன்னா தங்கச்சி, ஜாக்கிக்கு மஞ்சத் தண்ணி ஊத்தினு கீற. வயசுக்கு வந்துடுச்சா?"

கூட வந்த இருவரும் சிரித்தார்கள். ஐஸ் சொட்டிக்கொண்டே இருந்தது. ரேவதி தலை நிமிரவில்லை. கொண்டை ஊசியை ஓட்டையில் விட்டுத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"ஆமாண்ணே. தாய்மாமன் நீதான். வெறுங்கைய வீசினு வந்து நிக்கிறியே, சீர் எங்க?"

அந்த இரண்டு ஆட்களும் இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள், ஆனால் தனபாலைப் பார்த்து. அவர் அவர்களைக் கரைக்கு விரட்டினார். கரையில் கிடந்த உடைந்த படகுப் பலகையும், கிழிந்த வலையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சீர் வந்து சேர்ந்தது.

அதற்குள் ஆணி அசைந்தது. ரேவதி நாலைந்து தடவை வெறுமனே ஏற்றி இறக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஆணி முழுசாக உட்காருகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு மணை, ஜாக்கி, பம்பர். டக். டக். டக். சக்கரம் களியிலிருந்து சப்பென்று கழன்று மேலே வந்தது. அடியில் வலையைத் திணித்து, மேலே பலகை போட்டு, இறக்கி, அடுத்த பக்கமும் அதே மாதிரி. வண்டி வெளியே வந்தபோது தனபால் தன் வேட்டியில் தெறித்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தபோது

கரையில் நிறுத்தியதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். ரேவதி பெட்டியைத் திறக்கவில்லை. தனபாலே திறக்கட்டும் என்று ஒதுங்கி நின்றாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு மாத உழைப்பும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

தனபால் முழங்கை வரை கையை விட்டார். துழாவினார். இரண்டாவது பெட்டியிலும் விட்டார். கையை எடுத்து உதறினார்.

"ஐஸு எளச்சுக்கீது. ஆனா ஐஸாத்தான் கீது," என்றார். பிறகு ஜீப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "நீ நாளைக்கு கொஞ்சம் லேட்டா வந்தாலும் வா. அந்த நெட்டையன மட்டும் வூட்ல வுட்டுட்டு வராத."

அவ்வளவுதான். அதற்கு மேல் வேலையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. டிராக்டர் என்ற சொல்லே வரவில்லை. ஒரு ஃபைபர் படகுக்கு அடியில் ஓட்டை விழுந்து, திருப்பிப் போட ஆள் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்ததாம். கோணியை மடித்து வைத்து, நெட்டையனை முட்டுக் கொடுத்து ரேவதி அதைத் தூக்கிக் காட்டினாள். நான் நண்டு வாங்கினேன். காசு வேண்டாம் என்றார்கள். நல்ல கனமான நண்டு.

இறங்கி வந்தவர்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குமார் கீழே நின்றுகொண்டிருந்தார். பூஜைக்கு அப்புறம் முதல் ஓட்டமாயிற்றே. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரேவதி வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று பேசிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் பேசினாள்.

அவர் ஜாக்கியின் ஒரு முனையைப் பிடித்தார். உங்க இடுப்புக்கு ஆகாது என்று அவள் விலக்கினாள். அவர் விடவில்லை. கடைசியில் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் மணையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முதல் மாடியில் ஜைனபு காலை மடக்கினாள். இன்றைக்குத்தான் மாப்பிள்ளை ஊர்வலமே ஒழுங்காகப் போகிறது என்றாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் குமார் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"சாமி பாத்துக்கிச்சா?"

ரேவதி வாயைத் திறந்தாள். அவர் பிடரியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. உறைக்கு மேலேயே அவர் கை சந்தனம் வைத்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"பாத்துக்கிச்சு," என்றாள்.

என்னிடமும் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். நண்டுக் குழம்பு வைத்தேன். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு குமார் வழக்கம் போல விடியலில் குளித்தார். கிண்ணத்தில் சந்தனம் குழைத்தார். நெட்டையனை மடியில் வைத்துக்கொண்டு, பிடியின் நுனியில், எங்கேயும் உள்ளே போகாத இடத்தில், சின்னதாக ஒரே ஒரு பொட்டு வைத்தார். நானும் ரேவதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள், எப்போது தெரிந்தது, எதுவும் நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போதும் தினமும் ஜீப் போகிறது. நெட்டையன் என் கட்டிலுக்கு அடியில் படுக்கிறான்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ரேவதியின் மகள் ஷாலினி. எனக்கு என் பேரை எழுதவும், பஸ் போர்டைப் படிக்கவும் மட்டும் தெரியும். இந்த இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"ஆயா, அப்பா வாரா வாரம் இத படிக்கிறாரு. இதையும் எழுதணுமா?"

எழுதத்தான் வேண்டும் என்றேன். கூடத்தில் குமார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆயுத பூஜையைச் சொல்ல ஆரம்பித்தபோதே அதன் சத்தம் நின்றுவிட்டது. நாற்காலியும் அசையவில்லை.

படி ஷாலு. முதலிலிருந்து படித்துக் காட்டு. கொஞ்சம் சத்தமாகப் படி.